எழுபது அழைப்புகள்

நெடும்பாறையில் ஒரு மடம் உண்டு. பெரிய மடம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலிலேயே ஏமாந்துவிடுவார்கள். ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான். அதை நடத்திவந்தவர் உலகம்மை. வயது நாற்பத்துமூன்று. அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் நல்லபெருமாள். அறுபது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நல்லபெருமாளுக்கு அரசாங்கத்தில் புள்ளிவிவரம் எடுக்கிற வேலை. முப்பத்தைந்து வருடமாக எண்ணிக்கொண்டே இருந்தவர். ஆடு, மாடு, கிணறு, கழிப்பறை, பெய்த மழை என்று எதைக் கொடுத்தாலும் எண்ணுவார். தப்பாக எண்ண மாட்டார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சனிக்கிழமைதோறும் மடத்துக்கு வந்து காய் நறுக்கிக் கொடுப்பார். அவர் நறுக்கிய கத்தரிக்காயை அடிஸ்கேல் வைத்து அளந்தாலும் குற்றம் சொல்ல முடியாது என்று சமையற்கட்டில் கேலி பேசுவார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் காய் நறுக்கப் போகவில்லை. தோளில் பையோடு நேராகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கையெழுத்துப் போடணும். போடலாமான்னு கேக்க வந்தேன்."

"பேனா எழுதலையா?"

"பேனா எழுதுது. கைதான் எழுத மாட்டேங்குது."

உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே, "சொல்லுங்க" என்றார்.

நல்லபெருமாள் சொன்னார். ஊரில் காளவாய்த் தெரு என்று ஒன்று, கிணற்றடித் தெரு என்று ஒன்று. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இரண்டுமே ஏழைத் தெருக்கள். ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல முடியாது. அப்போது நல்லபெருமாள்தான் வீடு வீடாகப் போய் எழுதினார். இப்போது அதே தெருக்களை மறுபடி எண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எந்தத் தெரு மக்கள் வாழ்க்கையில் மேலே வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. காளவாய்த் தெரு எங்கயோ போயிருச்சு. முப்பத்துநாலு வீட்டுல இருபத்தொன்பது மாடி வீடு. வாசலுக்கு வாசல் கார் நிக்குது. கிணற்றடித் தெருவுல அன்னைக்கு இருந்த அதே தகரக் கூரை. அன்னைக்கும் சுமை தூக்கினாங்க, இன்னைக்கும் சுமைதான் தூக்குறாங்க."

"சரி."

"கிணற்றடித் தெருவுல பிள்ளைங்களுக்குச் சாயங்காலப் படிப்பகம் ஒண்ணு இருக்கு. நகராட்சி நடத்துது. இத்தனை வருசம் நடத்தியும் தெரு ஒரு விரக்கடை உயரலை. அதனால அதை மூடிரலாம்னு என் அறிக்கை முடியுது. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அன்னைக்கே நான் ஓய்வு பெறுறேன்."

"இப்ப எத்தனை பிள்ளைங்க படிக்குறாங்க?"

"நாற்பத்தொண்ணு."

"நீங்க எண்ணினதெல்லாம் சரிதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. "ரெண்டு தடவை எண்ணினேன்."

"பெறகு ஏன் கை எழுத மாட்டேங்குது?"

"அது தெரிஞ்சா இங்க எதுக்கு வாரேன்?"

உலகம்மை சிரித்தார். முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்தப் பழைய நோட்டு இருக்கா?"

இருந்தது. அரசாங்கப் படிவங்கள் அப்போதே மேலே போய்விட்டன. ஆனால் நல்லபெருமாள் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, பச்சைத் துணி அட்டை போட்டு வைத்திருந்தார். பெயர், வேலை, கூரை, பிள்ளைகள் என்று நாலே கட்டங்கள். உலகம்மை நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார்.

"காளவாய்த் தெரு ஏழாம் நம்பர். பேச்சிமுத்து. செங்கல் சுமக்குறவர். ஓலைக் கூரை. மகன் ஒண்ணு, வயசு ஒன்பது. இவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"ஏழாம் நம்பர் இப்ப ரெண்டு மாடிம்மா. கிரானைட் போட்டிருக்கு."

"நான் வீட்டைக் கேக்கலை."

நல்லபெருமாள் நோட்டை எட்டிப் பார்த்தார்.

உலகம்மை எழுந்து உள்ளே போய் ஒரு கட்டு அழைப்பிதழ்களைக் கொண்டுவந்தார். குருபூசைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"இந்த வருசம் இந்த நோட்டுல உள்ள எழுபது குடும்பத்துக்கும் அழைப்புக் கொடுங்க."

"எழுபதுக்குமா? எதுக்கும்மா?"

"சாப்பிட வாரதுக்கு."

அந்த மடத்து அழைப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்டில் செருகிவிட்டு வரக்கூடாது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டும் வரக்கூடாது. யாருக்கு அழைப்போ அவர் கையிலேயே கொடுத்து, "குடும்பத்தோட வந்து பசியாறணும்" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகள் கையில். வீடு மாறிப் போயிருந்தால் போன இடம் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். இத்தனையும் நல்லபெருமாளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக இதே வழக்கத்தைப் புதுச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காளவாய்த் தெருவுக்குப் போனார். ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. இப்போது முனையில் ஒரு பேக்கரி. ஏழாம் நம்பர் வீட்டில் நாய் குரைத்தது. ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பேச்சிமுத்தா? அப்படி யாரும் இல்லையே. நாங்க இந்த இடத்தை வாங்கியே பதினாறு வருசம் ஆகுது."

"அதுக்கு முன்னால இருந்தவங்க எங்க போனாங்கன்னு..."

"தெரியாதுங்க. நாங்க வரும்போது காலி மனை." அவர் அழைப்பிதழைப் பார்த்தார். "வேணும்னா என்கிட்டக் கொடுங்க. நாங்களும் சாமி கும்பிடுறவங்கதான்."

நல்லபெருமாள் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த வீடுகளை எல்லாம் எண்ணிவிட்டுப் போயிருந்தார். மாடியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் யார், எப்போது வந்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மதியத்துக்குள் தெரு முடிந்துவிட்டது. முப்பத்துநாலு பெயரில் நாலு பெயர்தான் அங்கே இருந்தன.

கடைசி வீட்டில் கதவைத் திறந்தது முப்பது வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு தெருவின் பழைய பெயர்களும் நோட்டில் இருப்பதைச் சொல்லி அவர் விவரம் கேட்டதும், "நீங்க சொல்ற பேர்ல இங்க யாரும் இல்ல சார்" என்றாள். பிறகு நோட்டின் பச்சை அட்டையை உற்றுப் பார்த்தாள். "ஆனா எங்கப்பா பேரு இந்த நோட்டுல இருக்கும். கிணற்றடித் தெருவுல பாருங்க. ஆண்டியப்பன்."

இருந்தது. ஆண்டியப்பன், மார்க்கெட்டில் சுமைதூக்குபவர், தகரக் கூரை. மகள் ஒன்று, வயது ஆறு.

"அந்த ஒண்ணு நான்தான்" என்றாள். அவள் பெயர் வடிவு. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. கட்டத்துக்குள் இருந்த அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பேரு கேக்கலையா சார் நீங்க?"

"எண்ணிக்கைதான் கேட்டாங்கம்மா."

அவளுடைய அப்பா உள்ளேயிருந்து வந்தார். இரண்டு கையையும் நீட்டி அழைப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மூட்டை தூக்கிய தோள்.

"இங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார் நல்லபெருமாள்.

"படிப்பகத்துல ஸ்டெல்லா டீச்சர் எங்களை விடவே மாட்டாங்க சார். பிளஸ் டூ வரைக்கும் அங்கதான் உக்காந்து படிச்சேன். வேலை கிடைச்சுது. மூட்டை தூக்கினது போதும்னு சொல்லி அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துட்டேன்."

"உங்களை மாதிரி அந்தத் தெருவுல இருந்து வேற யாராவது..."

வடிவு ஆச்சரியமாகப் பார்த்தாள். "பாதித் தெரு சார். மூணாம் நம்பர் குருசு அண்ணன் மின்வாரியத்துல இருக்காரு, பாளையங்கோட்டையில. செல்லக்கனி அக்கா நர்சு. பதினஞ்சாம் நம்பர்ல ரெண்டு பேரும் ஐ.டி.ஐ. படிச்சிட்டுக் கோயம்புத்தூர் போயிட்டாங்க." செல்போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, அவர் நோட்டின் ஓரத்தில் எழுதினார். ஓரம் போதவில்லை.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?"

"சம்பளம் வந்தபெறகு தகரக் கூரைக்குக் கீழ யாரு சார் கிடப்பா?"

நல்லபெருமாள் வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். கிளப்பவில்லை. பைக்குள் இருந்த அறிக்கையை நினைத்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அலுவலகம் முடிந்து கிணற்றடித் தெருவுக்குப் போனார். தெருவின் நடுவில் படிப்பகம். கதவு திறந்திருந்தது. வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம் தெரு முனைவரை கேட்டது. இந்தத் தெருவின் முப்பத்தாறு பழைய பெயர்களில் இங்கே மிச்சம் இருந்தது ஐந்து. மற்ற வீடுகளில் புது ஆட்கள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று ஒரு வீட்டு வாசலில் நின்று, காளவாய்த் தெருப் பெயர்களை வாசித்தார்.

உள்ளேயிருந்து ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "பேச்சிமுத்து எங்கய்யாதான். என்ன விசயம்?"

நல்லபெருமாளுக்கு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மகன் ஒன்று, வயது ஒன்பது. அந்த மகனுக்கு இப்போது முப்பத்துநாலு. பெயர் கொம்பையா. அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. மகனும் செங்கல்தான் சுமக்கிறான்.

"ஏழாம் நம்பர் வீடு என்னாச்சு?"

"அது எங்க எடமா சார்? பஸ் ஸ்டாண்டு அங்கன வருதுன்னு தெரிஞ்சதும் எடத்துக்காரரு ரெண்டு வாரத்துல காலி பண்ணச் சொல்லிட்டாரு. தெருவுல முக்கால்வாசிப் பேருக்கு அதே கதிதான். பத்துப் பதினஞ்சு குடும்பம் இந்தத் தெருவுலதான் கெடக்கு. அந்தா பாருங்க, அந்த வீடு ஒம்பதாம் நம்பர் மாரிக்கண்ணு மக. எதிர்த்த வீடும் நம்ம தெருக்காரவதான்."

"நேரா இங்கதான் வந்தீங்களா?"

"எங்க? மொதல்ல ஆத்துப் பாலத்துக்குக் கீழ. பெறவு நாலு எடம். இங்கன வந்து மூணு வருசம் ஆவுது. படிப்பகம் இருக்குல்லா, மக படிப்பான்னு வந்தோம்."

படிப்பகத்தில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்து பதின்மூன்று தொடங்கியது. கொம்பையா அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"சார், நீங்க ஆபீசுலதான இருக்கிய? இத மூடப் போறாவன்னு பேசிக்கிடுதாவ. நெசமா?"

நல்லபெருமாள் பையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மூடிட்டா நாங்க வேற எடந்தான் பாக்கணும். இதுக்கு மேல எங்க போயிப் பாக்க?"

"விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார் நல்லபெருமாள்.

முப்பத்தைந்து வருட வேலையில் அவர் வாயால் வந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். வெட்கமாகப் போய்விட்டது. அழைப்பைக் கொடுத்து, "குடும்பத்தோட வந்து பசியாறணும்" என்று சொல்லும்போது அவரால் கொம்பையாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகம் பார்க்காமல் கொடுத்தால் செல்லாது என்பது நினைவு வந்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை சொன்னார். கொம்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கட்டாயம் வாரோம் சார்" என்றான்.

அதற்குப் பிறகு நல்லபெருமாள் வீட்டில் தங்கவில்லை. இருந்த விடுப்பு எல்லாவற்றையும் போட்டார். பஸ்ஸில் போனார், ஷேர் ஆட்டோவில் போனார், கோயம்புத்தூருக்கு ரயிலில் போய்விட்டு மறுநாளே திரும்பினார். நர்ஸ் செல்லக்கனி வேலை முடிந்து வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. காளவாய்த் தெருவில் சொந்த மனை வைத்திருந்த ஒருவர் அதை நல்ல விலைக்கு விற்று, தோட்டம் வாங்கிச் சௌக்கியமாக இருந்தார். கிணற்றடித் தெருவில் இருந்து படித்துப் போன ஒருவன் குடித்துக் குடித்து வேலையைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். எல்லாவற்றையும் எழுதினார். கூரை என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அப்பா என்ன செய்தார், பிள்ளை என்ன செய்கிறது, இப்போது எங்கே, விவரம் சொன்னது யார் என்று கையால் புதுக் கட்டங்கள் வரைந்தார். பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினார். அவருடைய மனைவி, "கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி அலையலை" என்றாள்.

குருபூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மடத்துக்கு வந்தார். முகம் கறுத்து, செருப்பின் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. உலகம்மை மோர் கொண்டுவந்து கொடுத்தார். நல்லபெருமாள் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அறிக்கையைக் கிழிச்சுட்டேம்மா."

"வேற எழுதினீங்களா?"

"எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன். தெருவுக்குத் தெரு எழுதலை. பிள்ளைக்குப் பிள்ளை எழுதினேன். நான் எதை மூடச் சொன்னேனோ அதுலதான் ஏறிப் போயிருக்காங்க. ஏறினவங்க இடத்துல கீழ விழுந்தவங்க வந்து நிக்காங்க. நான் அங்க போய்க் கூரையை எண்ணிட்டு வந்திருக்கேன்." அவர் மோர்த் தம்ளரைத் தள்ளி வைத்தார். "படிப்பகம் நடக்கணும்னு எழுதியிருக்கேன். நேத்து மேலதிகாரி பாத்துட்டு, மூடுற பேச்சு இனிமே இல்லைன்னுட்டாரு. கொம்பையாகிட்டப் போய்ச் சொல்லிட்டுத்தான் வாரேன்."

"நல்லது."

"அவன் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அதையும் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான். அவன் மக வாய்ப்பாடு சொல்லிக் காட்டினா."

உலகம்மை தலையாட்டினார். நல்லபெருமாள் பையில் இருந்து மிச்சம் இருந்த அழைப்புகளை எடுத்துக் கீழே வைத்தார். மூலைகள் மடங்கிப் போயிருந்தன.

"எத்தனை?"

"ஏழு. எழுபதுல அறுபத்துமூணு பேரைப் பிடிச்சுட்டேன்." அவருடைய பழைய கர்வம் லேசாகத் தலைகாட்டியது. "இந்த அளவுக்கு யாராலயும் பிடிக்க முடியாதும்மா. மிச்சம் ஏழு பேரு எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியலை. கிடைக்காதவங்களை விட்டுட்டு மத்ததை வச்சுக் கணக்குப் போடுறதுதான் எங்க முறை. அதனால ஒண்ணும் கணக்குத் தப்பாது."

உலகம்மை அந்த ஏழு அழைப்புகளையும் எடுக்கவில்லை.

"மேல போனவங்க எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

"அவங்க இருக்குற எடம் எப்படித் தெரிஞ்சுது?"

"அதுல சிரமமே இல்லம்மா. பழைய பக்கத்து வீட்டுல கேட்டாலே போதும். போன் நம்பர் வச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரிகை வச்சிருக்காங்க. புது வீட்டுப் பால் காய்ச்சுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"முப்பத்தொரு பேருமா? போன எடம் சொல்லாமப் போனவங்க அதுல ஒருத்தர்கூட இல்லையா?"

நல்லபெருமாள் பச்சை அட்டை நோட்டைத் திறந்தார். விவரம் சொன்னது யார் என்ற கட்டத்தில் விரலை வைத்து, முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராக இறங்கிவந்தார். நிதானமாகத்தான் வந்தார். சமையற்கட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "ஒருத்தர்கூட இல்லம்மா. சொல்லாமப் போனவங்க எல்லாம் கீழ விழுந்தவங்கதான். இந்த ஏழு பேரும் அப்படித்தான் எங்கயோ கிடக்குறாங்க" என்றார்.

ஏழு அழைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மூலைகளை நிமிர்த்திப் பையில் வைத்தார்.

"ரெண்டு நாள்தானேம்மா இருக்கு. அதுக்குள்ள கிடைக்கலைன்னா?"

உலகம்மை முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருசமும் குருபூசை உண்டு" என்றார்.